கே. எஸ். கிருஷ்ணன்: கண்டதை அன்றே எழுதி வைத்தவர்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் பல வருடங்களாகக் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய் வருகிறார். விடிவதற்கு முன்னரே வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பகல் முழுவதும் முகக்கவசத்தோடும் தடித்த பாதுகாப்பு அங்கியோடும் முழங்காலில் இருந்து, நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு முன்னேற வேண்டும். பின்னேரம் திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. ஆனாலும் ஒருநாள் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம். வெடிமருந்தின் மணத்தை நாய் கண்டுபிடிக்கிறது. அப்படியென்றால் அந்த ஆவி பட்டதும் தானாக ஒளிர்ந்து காட்டுகிற ஒரு கல்லோ பளிங்கோ உலகத்தில் இல்லையா என்பதுதான் அந்தக் கேள்வி.

இருக்கிறது என்றேன். ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை என்றும் சொன்னேன். அந்த ஒழுங்கையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விட்டது. பளிங்குகளையும் ஆவிகளையும் அவற்றிலிருந்து வரும் மங்கலான ஒளியையும் பார்த்துப் பார்த்தே வாழ்ந்து முடித்த ஒரு தமிழர் அவர். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். கே. எஸ். கிருஷ்ணன் என்றால் விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவருடைய ஆசிரியரான சி. வி. இராமனைத்தான் தெரியும்.

கிருஷ்ணனின் பெயரை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் என்னுடைய உயர்தர இரசாயனவியல் ஆசிரியர். 2008ஆம் ஆண்டு. எங்கள் பாடசாலை ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடம் என்று சொல்வதற்கு இரண்டு வாங்குகளும் ஒரு பெட்டி சோதனைக் குழாய்களும்தான் மிச்சம். இராமன் விளைவு பற்றிப் பாடத்தில் ஒரு வரி வந்தபோது, சேர் கரும்பலகையில் இராமன் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் கிருஷ்ணன் என்றும் எழுதினார். இந்த இரண்டாவது பெயரை ஒரு நாட்குறிப்புத்தான் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு, எங்கள் செய்முறைக் கொப்பிகளைக் காட்டச் சொன்னார். அவதானித்ததை அன்றைய திகதியோடு அன்றே எழுதாத பிள்ளைகளை அவர் வீட்டுக்குப் போக விடுவதில்லை.

2009 மாசியில் சேர் எறிகணை வீச்சில் இறந்துபோனார். அதை முகாமுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். என் செய்முறைக் கொப்பி அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, தாத்தாவின் ஒரே ஒரு படம், பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்த கூறைச்சேலை எல்லாம் அதற்குள்தான். அந்தப் பெட்டியை ஒரு பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தப் பூச்சி உருண்டையிலிருந்தே கிருஷ்ணனின் கதையைத் தொடங்கலாம். அது நப்தலீன். கரியும் ஐதரசனும் மட்டும் சேர்ந்த ஒரு சேதனச் சேர்வை. வெள்ளைப் பளிங்காக இருக்கும். திரவமாக உருகாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறைந்துபோகும். பெட்டியைத் திறந்ததும் எங்கள் மூக்கில் ஏறியது அந்த ஆவிதான். நப்தலீனில் இரண்டு ஆறுகோண வளையங்கள் ஒட்டியிருக்கின்றன. வரிசையில் இன்னொரு வளையத்தைச் சேர்த்தால் அந்திரசீன். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பளிங்கைக் கடையில் காசுத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீல ஊதாவாக ஒளிரும். நப்தலீனும் அந்திரசீனும் கிருஷ்ணனின் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப வந்தன. சில நேரம் பளிங்காக, சில நேரம் ஆவியாக.

அவர் 1898 டிசம்பர் 4ஆம் திகதி தமிழ்நாட்டின் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல புலமை உள்ளவர். அந்த வீட்டுப் பழக்கத்தால் கிருஷ்ணனுக்கும் இலக்கியம் கடைசிவரை கூடவே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

படிப்பு முடிந்ததும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனவியல் செய்முறை வகுப்புக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பெரிய பதவியல்ல. ஆனால் மதிய இடைவேளையில் மாணவர்களைச் சேர்த்து வைத்து, பௌதிகவியலா இரசாயனவியலா கணிதமா என்று பாராமல் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பாடத்திட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. மற்றக் கல்லூரி மாணவர்களும் அந்த மதியக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். கிடுகுக் கொட்டகையில் எங்களுக்குப் படிப்பித்தவரை நினைக்கும்போது இந்தச் செய்தி எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது.

1920இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தார். 1923இல் இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். பவ்பசார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்தான் இராமனின் ஆய்வுகூடம். மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876இல் நிறுவியது அது. வசதிகள் மிகக் குறைவு. கண்ணாடிக் குமிழ்கள், வடிகட்டி வில்லைகள், ஒரு தொலைகாட்டி, சூரிய வெளிச்சம். பெரும்பாலான வேலைகள் இவற்றை வைத்தே நடந்தன.

இராமன் தேடியது இதுதான். ஒளி ஒரு பொருளுக்குள் போகும்போது அதில் கொஞ்சம் நாலாபக்கமும் சிதறும். வானம் நீலமாகத் தெரிவது இதனால். சிதறிய ஒளிக்கு, உள்ளே போன ஒளியின் நிறம்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் மிகவும் சுத்தமாக்கிய திரவங்களிலும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி சேர்ந்து வருவதை 1923இல் கே. ஆர். இராமநாதன் என்ற ஆய்வாளர் அங்கே கவனித்தார். ஏதோ அழுக்கு மிச்சமிருந்து ஒளிர்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. கிருஷ்ணன் 65 திரவங்களை எடுத்து ஆராய்ந்து, 1925இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அந்த மெல்லிய ஒளி போகவில்லை. ஆனாலும் அது என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. பலவீனமான ஒளிர்வு என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணன் சில காலம் கணக்கிலும் கோட்பாட்டிலுமே மூழ்கியிருந்தார். 1928 தொடக்கத்தில் வேங்கடேஸ்வரன் என்ற இன்னொரு ஆய்வாளர், சுத்தமான கிளிசரீனில் பச்சை சாயலோடு ஒளி வருவதைப் பார்த்தார். அவர் வேறொரு வேலை செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆய்வுகூடத்துக்கு வந்தவர். இராமனுக்குள் பழைய கேள்வி மறுபடி எழுந்தது. ஆய்வாளன் ஒருவன் நெடுநாள் கையால் பரிசோதனை செய்யாமல் இருப்பது நல்லதல்ல என்று சொல்லி, கிருஷ்ணனை மீண்டும் ஆய்வுகூடத்துக்குள் இறக்கினார். அந்தப் பெப்ரவரியில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்புப் பக்கங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன.

முதல் பதிவு பெப்ரவரி 5. அவர் கையில் எடுத்த பொருள் அந்திரசீன் ஆவி. அது நன்றாக ஒளிர்ந்தது. ஆனால் அந்த ஒளியில் முனைவாக்கம் இல்லை என்று எழுதினார். முனைவாக்கம் என்பது ஒளியலைகள் ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. ஆவியிலும் திரவத்திலும் மூலக்கூறுகள் எப்படியும் திரும்பியபடி இருப்பதால், சாதாரண ஒளிர்வில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. சின்னக் குறிப்புத்தான். ஆனால் இரண்டு நாள் கழித்து முழுக் கதையும் இதன் மேலேதான் நின்றது.

பெப்ரவரி 7. திரவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுத்தமான திரவங்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒளியைத் தருவதையும், அந்த ஒளி பலமாக முனைவாகியிருப்பதையும் கிருஷ்ணன் கண்டார். அந்திரசீன் ஆவியின் ஒளிர்வில் இல்லாத ஒழுங்கு இதில் இருந்தது. அப்படியென்றால் இது ஒளிர்வல்ல, வேறு ஏதோ. இராமனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பென்ரேன் நிரம்பிய குமிழை வைத்து, போகிற ஒளியின் வழியில் நீல ஊதா வடிகட்டியைப் போட்டார்கள். பார்க்கிறவரின் கண்ணுக்கு முன்னால் பச்சையும் மஞ்சளுமான வடிகட்டிகள். நிறம் மாறாத ஒளி என்றால் ஒன்றுமே தெரியக்கூடாது, இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் குமிழுக்குள் ஒளிக்கோடு தெரிந்தது.

அன்றிரவு ஒன்பது மணியளவில் இராமன் கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்களைக் கீழே கூப்பிட்டார். தாங்கள் இவ்வளவு காலமும் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று, வீட்டு வாசலில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார். கிருஷ்ணன் அதையும் எழுதி வைத்தார்.

பெப்ரவரி 9. ஆவிகளில் இதைப் பார்க்க முடியுமா என்று காலையில் தொலைகாட்டியைப் பொருத்தினார்கள். திரவத்தை விட ஆவியில் மூலக்கூறுகள் மிகக் குறைவு. ஒளியும் அதற்கேற்ப மங்கலாகவே வரும். ஆயத்தம் முடிவதற்குள் இராமன் விரிவுரைக்குப் போகவேண்டியதாயிற்று. பிற்பகல் கிருஷ்ணன் ஈதர் ஆவியை எடுத்துப் பார்த்தார். ஒளி தெளிவாகத் தெரிந்தது. வேறு சிலவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தார், அந்தளவு வெற்றி கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். மூன்று மணியளவில் இராமன் திரும்பி வந்தபோது சூரிய வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தன் கண்ணால் பார்த்த இராமன் மகிழ்ச்சி தாங்காமல் அங்குமிங்கும் ஓடினாராம். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னாராம்.

பெப்ரவரி 16ஆம் திகதியிட்டு இலண்டனின் நேச்சர் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் போனது. இராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள். ஏறத்தாழ 60 திரவங்களைப் பார்த்ததாகவும், ஒவ்வொன்றிலும் இந்த விளைவு கூடியோ குறைந்தோ தெரிந்ததாகவும் அதில் எழுதியிருந்தார்கள். மார்ச் 31இல் அது அச்சில் வந்தது. பெப்ரவரி 28இல் நிறமாலைகாட்டி வழியாக விளைவு உறுதியானது. இந்தியாவில் தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடப்படுவது அந்த நாளில்தான். 1930இல் நோபல் பரிசு வந்தது. அது இராமன் ஒருவருக்கு. விளைவுக்கும் அவர் பெயரே நிலைத்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கு உடனே கோபம் வரும். உழைத்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கதை அவ்வளவு எளிதல்ல. 1921இல் கடற்பயணத்தின்போது கடலின் நீலத்தைப் பார்த்து இந்தத் தேடலைத் தொடங்கியவர் இராமன். ஏழு வருடம் விடாமல் துரத்தியவரும் அவரே. கண்ட ஒளிக்கு அர்த்தம் என்ன என்று அன்றிரவே பிடித்துக்கொண்டவரும் அவரே. அவர் கிருஷ்ணனின் பெயரை அந்தக் கடிதத்திலிருந்து விடவுமில்லை. ஆனால் ஒரு விளைவுக்கு ஒரு பெயர்தான் நிலைக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை. அந்த வரிக்குள் அடங்காத மனிதரை நாங்கள் இன்று அறிவது அவர் வைத்த திகதிகளால்தான்.

திகதி எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அதே மாதத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. மொஸ்கோவில் லண்ட்ஸ்பேர்க், மண்டல்ஸ்தாம் என்ற இருவர் குவார்ட்சுப் பளிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெப்ரவரி 21இல் அவர்களும் அதே விளைவைத் தாங்களாகவே கண்டார்கள். ஆனால் அவர்கள் கடிதம் எழுதியது மே மாதம், அது அச்சானது ஜூலையில். அதற்குள் உலகம் கல்கத்தாவின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டது. கண்டது மட்டும் போதாது, கண்ட அன்றே எழுதி உரியவர்களிடம் சேர்ப்பிக்கவும் வேண்டும். காணாமல்போனவர்களைப் பற்றிய விசாரணைகளில், எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தது என்று கேட்கப்பட்டுத் தடுமாறிய எங்கள் தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கிருஷ்ணன் அந்த வருடக் கடைசியிலேயே கல்கத்தாவை விட்டு டாக்காவுக்குப் போனார். டாக்காப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பணி. அப்போது சத்தியேந்திர நாத் போசும் அங்கே இருந்தார். ஒளிச்சிதறலிலேயே தொடர்ந்து நின்று, அந்தப் பெயருக்காக மல்லுக்கட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. பளிங்குகளிடம் திரும்பினார்.

அவர் கேட்ட கேள்வி இது. ஒரு பளிங்குக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன? அந்த அடுக்கு, பளிங்கின் வெளிக்குணத்தை எப்படித் தீர்மானிக்கிறது? இதற்கு அவர் பயன்படுத்திய கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒரு சின்னப் பளிங்கை மிக மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் பிடிப்பார்கள். பளிங்குக்குள் ஒரு திசையும் இன்னொரு திசையும் காந்தத்துக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்வதில்லை. அதனால் பளிங்கு திரும்பும், இழை முறுகும். அந்த முறுக்கை அளந்தால், உள்ளே தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று கணக்கிடலாம். பானர்ஜி போன்ற இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து, நப்தலீன், அந்திரசீன் உட்பட ஏராளமான பளிங்குகளை இப்படி அளந்தார். பென்சீன் வளையம் தட்டையானது என்று பளிங்குகளிலிருந்து காட்டிய இங்கிலாந்தின் கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாருடன் இணைந்து 1936இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

1933இல் மீண்டும் கல்கத்தாவின் அதே சங்கத்துக்கு வந்தார். இம்முறை மகேந்திரலால் சர்க்காரின் பெயரில் அமைந்த பேராசிரியராக. ஒளிர்வும் மறுபடி அவரிடம் வந்தது. பளிங்குக்குள் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்பதால், ஒளியை அவை உறிஞ்சுவதும் திருப்பித் தருவதும் திசைக்குத் திசை மாறும். 1928இல் அந்திரசீன் ஆவியில் காணாத ஒழுங்கை, அதே அந்திரசீன் பளிங்காக இருக்கும்போது தேடலாம். அந்திரசீனோடு நெருங்கிய சேர்வைகளின் பளிங்குகள் ஒளியை எப்படி விழுங்குகின்றன, எப்படி ஒளிர்கின்றன என்ற ஆய்வும் அந்தக் காலத்து வேலைகளில் ஒன்று. அந்திரசீனுக்குள் நப்தசீன் என்ற நான்கு வளையச் சேர்வை மிகச் சிறிதளவு கலந்திருந்தாலே போதும், பளிங்கின் நீல ஒளிர்வு மஞ்சள் பச்சையாக மாறிவிடும். ஒரு பளிங்கு தரும் ஒளி, அதற்குள் யார் வந்து இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

அக்காவின் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிளாட்டினம், தங்கம், செம்பு போன்ற உலோகங்களைக் கொண்ட சில பளிங்குகள், சேதன ஆவி பட்டதும் ஒளிர்வின் நிறத்தை மாற்றுகின்றன. சிலவற்றில் உலோக அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையில் நிற்கும். பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையிலான தூரமே ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும். ஆவி மூலக்கூறுகள் இடைவெளிக்குள் புகுந்தால் அந்தத் தூரம் மாறும், நிறமும் மாறும். செம்பு அயடைட்டைக் கொண்ட ஒரு பளிங்கு, ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். பெயின்ற் கரைக்கும் தின்னரில் இருக்கும் தொலுயீனின் ஆவி பட்டால் அதன் உள் அடுக்கே மாறி, மஞ்சளாக ஒளிரும். கிருஷ்ணன் காலத்தில் இந்தப் பளிங்குகளை இப்படிப் பயன்படுத்தியவர் இல்லை. ஆனால் உள் அடுக்கே வெளிக்குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற அவருடைய பாடத்தைத்தான் இவை வேறொரு விதமாகச் சொல்கின்றன.

வெடிமருந்துக்கு வந்தால் விடயம் தலைகீழ். ரீ.என்.ரீ. போன்ற வெடிமருந்துகளின் மூலக்கூறுகள் இலத்திரன்களைப் பறிக்கும் குணமுள்ளவை. ஒளிர்ந்துகொண்டிருக்கும் பளிங்குக்குள் அவை புகுந்தால், ஒளியாக வெளிவரவேண்டிய சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும். ஒளி மங்கும். அக்கா கேட்டது வெடிமருந்தைக் கண்டதும் வெளிச்சம் போடும் கல். விஞ்ஞானிகள் செய்தது வெடிமருந்தைக் கண்டதும் இருண்டுபோகும் கல். உலோகமும் சேதன மூலக்கூறுகளும் சேர்ந்த, உள்ளே நுண்துளைகள் நிறைந்த அப்படியொரு பளிங்கு பற்றிய ஆய்வு வெளிவந்தது 2009இல். வெடிமருந்தோடு தொடர்புடைய ஆவிகள் பட்டுச் சில வினாடிகளிலேயே அதன் ஒளி மங்கியது. எந்த 2009 என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிறகு ஏன் இன்னமும் முழங்காலில் இருந்து சுரண்டவேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். ரீ.என்.ரீ. மிக மிகக் குறைவாகவே ஆவியாகும். வெளிவரும் கொஞ்சத்தையும் மண் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையும் காற்றும் வெயிலும் ஒவ்வொரு நாளும் அளவை மாற்றும். ஆய்வுகூடத்தின் குமிழுக்குள் தெளிவாகத் தெரிவது வன்னி மண்ணில் தெரியாமல் போகும். அதனால் உலோகம் கண்டறியும் கருவியும் இரும்புவாரியும் மனிதக் கையும்தான் இன்றுவரை எங்கள் காணிகளைத் திருப்பித் தந்துகொண்டிருக்கின்றன.

கிருஷ்ணனின் மிச்ச வாழ்க்கை மரியாதைகளால் நிறைந்தது. 1940இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1946இல் சேர் பட்டம். சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடம் உருவானபோது அதன் முதல் பணிப்பாளர் அவர்தான். 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டிடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணைக்குழுவில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் உறுப்பினர். 1954இல் பத்மபூசண். பட்நாகரின் பெயரில் விஞ்ஞான விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதலில் பெற்றவரும் இவரே. இவ்வளவுக்கும் நடுவில், சூடேறிய உலோகங்களும் கிராபைற்றும் இலத்திரன்களை வெளிவிடுவது பற்றிய ஆய்வையும் விடவில்லை. பணிப்பாளர் கதிரையில் இருந்துகொண்டும் அளந்துகொண்டே இருந்தார். 1961 ஜூன் 14ஆம் திகதி, 62ஆவது வயதில் காலமானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்து இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். இருண்டுபோகும் பளிங்கைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார். பரிசு கிடைக்காத மனிதரைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஒரு காணி துப்புரவாகி ஒப்படைக்கப்படும் நாளில் கூட்டம் வைப்பார்கள், பெயர்ப்பலகை நடுவார்கள், படம் எடுப்பார்கள். அதில் நிலத்தைச் சுரண்டியவர்களின் பெயர் இருக்காது. அதைப் பற்றி அவர் ஒன்றும் குறைப்படவில்லை. எழும்பி உள்ளே போய், ஒரு பழைய சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்.

வேலைத்தளத்தில் ஒவ்வொரு நாளும் பதிவு எழுதுவார்கள். அது அங்கேயே இருக்கும். இது அவர் தனக்கென்று வீட்டில் எழுதியது. முதல் கண்ணிவெடியை எடுத்த நாள், ஊர், எந்த மரத்துக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும். ஒன்றும் கிடைக்காத நாட்களையும், ஒன்றும் இல்லை என்று திகதி போட்டு எழுதியிருந்தார். ஏன் எழுதத் தொடங்கினார் என்று கேட்டேன். பிள்ளைகள் பெரிதானதும், அம்மா என்ன செய்தவ என்று கேட்டால் காட்டுவதற்கு என்றார்.

அன்றிரவு நான் ஒரு புதுக் கொப்பியை எடுத்தேன். அன்றைய திகதியை மேலே போட்டேன். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அந்த றங்குப்பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். கண்ட அன்றே எழுதியது அல்ல இது, பல வருடம் பிந்தியது. அதையும் கீழே குறித்து வைத்தேன். காணி உறுதியின் இலக்கம் அம்மாவுக்கு இன்னமும் மனப்பாடம். கடைசியில், பூச்சி உருண்டை நாலைந்து என்றும் சொன்னார். எழுதினேன்.